பூட்டு எந்தப் பக்கம்?

மதினி வருகிறாள் என்றால் போடியில் முதலாளிகள் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்கள் என்று அண்ணன் சொல்வான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஆனால் ஒருவர் அப்படி எழுந்து போனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

வேலை கேட்டுப் போகிற இடத்தில் முதலாளி கேட்பார், நாம் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வோம். எல்லா ஊரிலும் அதுதானே வழக்கம்? என் மதினிக்கு, அதாவது அண்ணன் பெண்டாட்டிக்கு, அது தலைகீழ். அண்ணனுக்கு எங்காவது வேலை இருப்பதாகச் சேதி வந்தால் போதும், அவனுக்கு முன்னால் இவள் கிளம்பி நிற்பாள். கொண்டையை இறுக்கி முடிந்து, வெள்ளைப் புள்ளி போட்ட ஊதாச் சேலையைக் கட்டினாள் என்றால் அன்றைக்கு எந்த முதலாளியோ மாட்டினார் என்று அர்த்தம்.

அண்ணன் டிரைவர். போடிமெட்டு மலைப்பாதையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஒன்றுக்கு ஆள் தேவை என்றார்கள். மூன்று பேரும் போனோம். ஜீப்புக்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளையில இருந்து வா" என்றார். சோலி முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் மதினி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"மொதலாளி, இதுக்கு முன்னாடி இந்த வண்டிய ஓட்டுனவரு இப்ப எங்க இருக்காரு?"

"எதுக்குத்தா?"

"அவரு வாயால ரெண்டு வார்த்த கேட்டுக்கிறலாம்னுதான்."

"அவன் ஊருக்குப் போயிட்டான்."

"எந்த ஊருக்கு?"

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். மதினி நிறுத்தவில்லை. ஜீப்பில் எத்தனை ஆள் ஏற்றுவீர்கள், பிரேக்கை யார் பார்ப்பது, மழையில் மண் சரிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரலாமா, திருப்பினால் ஏசுவீர்களா. பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏய்யா, நீ வேலைக்கு வந்தியா, இல்ல உன் பொண்டாட்டி என்னைய மாப்ள பாக்க வந்தாளா?" என்றார் முதலாளி.

மதினி சிரிக்கவில்லை. "பொண்ணக் குடுக்கும்போது மாப்ள வீட்டு அடுப்படி வரைக்கும் விசாரிக்கிறோம். ஆம்பளைய அனுப்பும்போது கேக்கக் கூடாதா மொதலாளி? எங்களுக்கு இருக்குறது இந்த ஒரு ஆளுதான்" என்றாள். எழுந்து உள்ளே போனவர் அவர்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணன் ஒரு கல்லைக் காலால் எத்திக்கொண்டே வந்தான். கோபம் வந்தால் அதற்கு மேல் அவன் எதுவும் செய்யமாட்டான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு இவள் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மதினியிடம் எதையும் நேரில் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒரே ஒரு முதலாளி அவளுக்குப் பதில் சொன்னார். ஏலக்காய் வியாபாரி, ஞாயிறானால் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். முன்னாடி இருந்தவர் எங்கே என்று மதினி கேட்டதும் கொல்லைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். கண்ணில் புரை விழுந்த ஒரு மனிதர் தடவிக்கொண்டே வந்தார். "இந்தா நிக்கிறாரு. கண்ணு தெரியாமத்தான் வண்டிய விட்டுட்டு இங்கேயே கெடக்காரு. என்ன கேக்கணுமோ கேளுத்தா" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மதினி அந்த மனிதரிடம் அரைமணி நேரம் பேசினாள். வந்து, "நாளைக்கே அனுப்புறேன் மொதலாளி" என்றாள், ஏதோ அவள்தான் வேலை போட்டுக் கொடுக்கிற மாதிரி. அண்ணன் அங்கேதான் கடைசிவரை வேலை பார்த்தான்.

அவள் ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள். அவளுக்குச் சொந்த ஊர் தேவாரம் பக்கம். அவளுடைய அப்பாவை மலையடிவாரத் தோட்டம் ஒன்றுக்கு மக்காச்சோளக் காவலுக்கு வைத்தார்கள். பரண் இருக்கிறது, தகரம் இருக்கிறது, தட்டினால் யானை போய்விடும் என்றார்கள். ஒன்பதாம் நாள் அவரைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். எழவு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "போன வருசம் காவலுக்கு இருந்தவனையும் இதே பரணுலதான்" என்று சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது.

"யானை மேல எனக்குக் கோவமே கெடையாது தம்பி. அதுக்குப் பசி. அந்த ஆளு இருக்காரு பாரு, அவரு எங்கப்பா வேலைக்குப் போன அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு. தெரிஞ்சும் சொல்லல. அவர மட்டும் இந்த சென்மத்துல என்னால மன்னிக்க முடியாது."

அம்மியை வழித்து எடுத்துவிட்டு, "தண்ணி கொண்டா" என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது. பியூசியில் தோற்று மூன்று வருஷம். ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் "என்னப்பு, சும்மாதான் இருக்கியா?" என்பார்கள். அந்தச் சும்மா என்ற சொல்லைக் கேட்டால் செத்துவிடலாம் போல இருக்கும். அப்போதுதான் மலையில் ஒரு ஏலத்தோட்டத்துக்கு ஸ்டோர் ஆள் வேண்டும் என்று சேதி வந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயை வாட்டி எடுக்கும் கட்டிடம். தோட்டத்து முதலாளி வீடு போடியில்தான். மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் ஓடினேன்.

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். யார் மகன் என்று கேட்டார். குளிர் தாங்குவாயா என்று கேட்டார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, "நீ எதுவும் என்கிட்டக் கேக்கணுமா?" என்றார்.

மதினியின் கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். முன்னாடி இருந்தவர் எங்கே? ஏன் நின்றார்? ஒன்றைக் கேட்டிருந்தால் போதும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

"ஒண்ணும் இல்ல மொதலாளி."

"இந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்" என்று சொல்லி உள்ளே இருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவரச் சொன்னார். தோட்டத்து வேலையில் கம்பளியைக் கையில் வாங்கிவிட்டால் சேர்ந்தாயிற்று என்று பொருள். அப்புறம் பேச்சு கிடையாது. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மதினி அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கிழிசல், பச்சை நூலில் கோணல்மாணலாகத் தைத்திருந்தது.

"பழைய கம்பளி. இது யாரு போட்ட தையலு?"

"தெரியல மதினி."

"கேக்கலையா?"

"இல்ல."

"எங்க படுக்கணும்?"

"ஸ்டோர்லதான்."

"உள்ள ஆளு இருக்கும்போது பூட்டு எந்தப் பக்கம் தொங்கும்? உள் பக்கமா, வெளிப் பக்கமா?"

இப்படி ஒரு கேள்வியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? கல்யாணத்துக்கு முன்னால் மதினி ஒரு வருஷம் மலையில் காய் எடுக்கப் போனவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பச்சைத் தையல் பிய்ந்திருந்த இடத்தில் அவள் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்தாள். "நாளைக்கு நானும் வர்றேன். ரெண்டே கேள்வி, கேட்டுட்டு இறங்கி வந்துர்றேன்" என்றாள். மறுநாள் அவள் எழுந்து வாசல் தெளிப்பதற்குள் நான் முதல் ஜீப்பைப் பிடித்துவிட்டேன்.

பூட்டு வெளிப் பக்கம்தான்.

அந்தக் கட்டிடத்துக்குச் சன்னல் கிடையாது. ஒரே கதவு. அதையொட்டி முன்னறை, அதில் அடுப்பு. விறகைப் போட்டால் சூடு ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாக உள்ளறையைச் சுற்றிப் போகும். அங்கே கம்பி வலைத் தட்டுகளில் காய் காய்ந்துகொண்டிருக்கும். மேலே ஆவி போக ஒரு திறப்பு, மழை என்றால் அதையும் மூடிவிடுவார்கள். ஏலக்காய் அவ்வளவு விலை. அதனால் காய் வாடி முடிகிறவரை, உள்ளே இருக்கும் ஆளோடு சேர்த்து முதலாளி பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பில். முதல் நாள் பூட்டுகிற சத்தம் கேட்டு நான் கதவருகே ஓடியபோது, "பூட்டு உனக்கில்லப்பு, காய்க்கு" என்றார் வெளியிலிருந்து. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

முன்னாடி இருந்தவரைப் பற்றிக் காய் எடுக்கிற பெண்களிடம் கேட்டேன். "ஊருக்குப் போயிட்டாரு" என்று எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

இருபது நாள் இருக்கும். அடைமழை. முதலாளி காலையிலேயே பூட்டிவிட்டுப் போடிக்குக் காய் ஏலத்துக்குப் போய்விட்டார். ஈர விறகு, புகைந்துகொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் உள்ளறையில் 'டொப்' என்று ஒரு சத்தம். குழாய் இணைப்பு விட்டுப்போய்ப் புகை முழுக்க உள்ளே திரும்பியது. குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். முட்டாள்தனம், புகை இரண்டு மடங்கானது. தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. வாந்தி எடுத்தேன். எழுந்து நின்றால் கால் இல்லாத மாதிரி இருந்தது. தவழ்ந்து போய்க் கதவை அடித்தேன். எத்தனை முறை அடித்தேன் என்று தெரியாது. மதினீ, மதினீ என்று கத்தியதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பெண்கள் ஓடி வந்தார்கள். சூப்பர்வைசரும் வந்தார். அவர் கையில் கடப்பாரை இருந்தது, அது கல்லில் இடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. பூட்டு சுண்டைக்காய்ப் பூட்டு. ஒரு நெம்பு போதும். "மொதலாளி பூட்டுய்யா, எப்படி உடைக்கிறது?" என்று அவர் யாரிடமோ கேட்டார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், வெளியே எட்டுப் பத்துப் பேர் ஒரு பூட்டுக்குப் பயந்துகொண்டு நிற்கிறார்கள்!

ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்து கதவுக்கு அடியில் மண்ணைத் தோண்டினாள். களைக்கொத்தால் தோண்டி, பிறகு கையால் பறித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்ணைத் தோண்டினால் முதலாளி ஏசமாட்டார் போல. ஒரு சாண் பள்ளம் விழுந்ததும், "மூக்க இங்க வையி தம்பி, பேடிக்காத, பேடிக்காத" என்றாள். மலையில் பாதிப் பேச்சு மலையாளம். பயப்படாதே என்கிறாள். அந்தப் பள்ளத்தில் முகத்தை வைத்துச் சேற்றோடு சேர்த்துக் காற்றை இழுத்தேன். முதலாளி ஜீப்பு வருகிறவரை அப்படியே கிடந்தேன். அவள் என் தலைமயிரைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் வந்து திறந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய்த் தட்டில் கை விட்டு, "காய் கருகலல்ல?" என்றார்.

என்னை வெளியே தூக்கிப் போட்டபோது அந்தப் பெண் காதருகே குனிந்து சொன்னாள். "முன்னாடி இருந்தவரும் இப்படித்தான். அவர எடுக்க நேரமாயிருச்சு. ஆளு உசுரோடதான் இருக்காரு. பேரு கேட்டா சொல்லத் தெரியல."

இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழாயை ஒட்டவைத்தாயிற்று என்றார். "உனக்கு மலை ஒத்துக்கல. போடியில என் மச்சினன் கடையில சொல்லியிருக்கேன், ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதுக்க. நல்ல எடம். ஆனா அங்க இங்க வாயத் தொறந்தேன்னு காதுல விழுந்துச்சுன்னா, போடியில எந்தக் கடைப்படியும் நீ ஏற முடியாது. கம்பளிய வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போடிமெட்டு டீக்கடையில் ஜீப்புக்காகக் காத்திருந்தேன். கீழேயிருந்து முதலாளியின் ஜீப்பு ஏறி வந்து நின்றது. முன்சீட்டில் அவர். பின்னாலிருந்து ஒருவன் இறங்கினான். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஒரு தகரப் பெட்டி. நேரே என்னிடம் வந்தான், மூத்தவனாக இருந்தும் அண்ணன் என்றே கூப்பிட்டான்.

"ஸ்டோர்ல இருந்த அண்ணன் நீங்கதானே? ஏண்ணே விட்டுட்டுப் போறீக?"

பாருங்கள், அவன் கேட்டான். நான் கேட்காததை அவன் கேட்டான். மதினி இருந்தால் அவனை மெச்சியிருப்பாள்.

முன்சீட்டில் முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு மூன்று வார்த்தைதான். பூட்டு வெளியே, போகாதே.

"குளிரு ஒத்துக்கல" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்தான்.

"கம்பளி குடுப்பாக."

அவன் டீயைக் குடித்துவிட்டு வெரசாக ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மதினியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் நகத்தில் இருந்த சேற்றை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டே கேட்டாள். சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அடுத்தாளு வந்தானே, அவன்கிட்டச் சொன்னியா?"

"சொல்லிட்டேன் மதினி."

ஊரில் உள்ள முதலாளிகளை எல்லாம் துருவித் துருவிக் கேட்டவள், என்னிடம் மறுகேள்வி கேட்கவில்லை. அவன் என்ன சொன்னான் என்று கேட்டிருந்தால் உளறியிருப்பேன். "நல்ல வேலை செஞ்ச தம்பி" என்று தலையைத் தடவிவிட்டுச் சோறு போடப் போனாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் கடை வேலைக்குப் போனேன்.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஜீப்பையும் பார்ப்பேன். அவன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட மாட்டானா என்று பார்ப்பேன். மழை பிடித்தால் கடை வாசலுக்கே வந்து நின்றுகொள்வேன். மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து வாரம் ஓடிவிட்டது.

ஒரு பகல் வேளை. மதினி எனக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றிருந்தாள். ஒரு ஜீப்பு ஹாரன் அடிக்காமல் மெதுவாக வந்து ஸ்டாண்டில் நின்றது. பின்னால் நீளமாக ஏதோ ஒன்று கிடந்தது. கம்பளியைச் சுற்றியிருந்தார்கள். கூட்டம் கூடியது. மாரடைப்பு என்று யாரோ சொன்னார்கள். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கம்பளி ஓரத்தில் பச்சைத் தையலும் பக்கத்திலேயே சிவப்புத் தையலும் நான் நின்ற இடத்துக்கே தெரிந்தன.

பிணத்தின் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், சேதி கேட்டு மேலே போயிருந்த அவன் பெண்டாட்டி, வயிற்றுப்பிள்ளைக்காரி. மதினி அவள் தோளில் கைவைத்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏத்தா, முன்னாடி அங்க இருந்த ஆளு உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"கேட்டாராம்க்கா. போடிமெட்டு டீக்கடையில வச்சுக் கேட்டாராம். குளிருதான் ஒத்துக்கலன்னு அந்த அண்ணன் சொன்னாராம். குளிருதானே, கம்பளி இருக்கு, தாக்காட்டிக்கிறலாம் புள்ளன்னு எனக்கு எழுதியிருந்தாரு."

மதினி திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தேன். கூட்டத்தில் அத்தனை பேர் இருக்க, அவள் என்னை மட்டும் பார்த்தாள். ஏதாவது கேட்பாள், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் அந்தப் பெண் பக்கத்தில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜீப்பு போய்விட்டது.

அதன் பிறகு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குச் சமைத்தாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள், என் கல்யாணத்தில் வேலை அத்தனையும் இழுத்துப்போட்டுச் செய்தாள். வேலைக்குக் கிளம்புகிற மற்றப் பிள்ளைகளிடமெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் மட்டும் அவள் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட.